முக்கால்

ஏழு திருகாணி. ஒன்று முன்பே இல்லை.
கம்பெனி ஏலத்தில் பன்னிரண்டு தினாருக்கு எடுத்தபோதே
அடியில் அந்த ஓட்டை இருந்தது,
பக்கத்தில் ‘சொத்து எண் 417’ என்ற ஒட்டுத்தாளும்.
அதைச் சுரண்ட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஃபிரிட்ஜின் கம்பியைத் தொட்டுவிட்டுத் திற என்றான் பிர்தௌஸ்,
விரலில் தங்கிய மின்சாரம் போதும் சில்லைக் கொல்ல.
ஆகஸ்டில், மங்காஃபில், மூன்றாம் மாடியில்
கட்டில் காலைத் தொட்டாலும் சுள்ளென்கிறது.

மூடியைத் தூக்கினால் மணல்.
கடற்கரை மணல் இல்லை,
மாவு மாதிரி, சாத்திய ஜன்னலை மதிக்காத மணல்.
விசிறி இறக்கைகள் அதில் சட்டை தைத்துப் போட்டிருந்தன.
நான் ஊத, பிர்தௌஸ் தும்ம,
இரவு ஷிப்ட் முடித்து மேல்கட்டிலில் கிடந்த எட்வின்
போர்வைக்குள்ளிருந்தே திட்டினான்.

ஹவல்லிக்கு இரண்டு பஸ் மாறிப்போய் வாங்கிய
நாலு ஜிபி மெமரி.
தலைகீழாக வைத்தேன், வெட்டு இடம் கொடுக்கவில்லை.
திருப்பிச் சாய்த்து அழுத்தினேன்.
இரண்டு கொக்கியும் ‘டக்’.
பொத்தான்.
கறுப்புத் திரை.
மூன்று பீப்.
கொஞ்சம் யோசித்து, மறுபடி மூன்று.
“தூக்கத்தை விக்கிறீங்களாடா” என்றான் எட்வின்.

மறுநாள் மம்தூஹ் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
போர்டில் பொடிப்பொடியாக எழுதியிருந்ததைப் படித்தார்.
அரபியும் இந்தியும் கலந்து சொன்னார்:
ஒரு வாய்க்கு இரண்டுதான் இது விழுங்கும்.
இரண்டும் இரண்டும் நாலு.
அதுக்கு மேல கலாஸ்.
காசு கொடுத்தாலுமா?
காசு கொடுத்தா வேற மெஷின் தருவேன், என்றார்.
நாலை வாங்கிக்கொண்டு, யாரோ கழற்றிய இரண்டு இரண்டுகளைத் தந்தார்,
அரை தினார் பிடித்துக்கொண்டு.

தொடக்கத் திரை நாலு என்றது.
உள்ளே போய்ப் பார்த்தால் மூணேகால்.
முக்கால் எங்கே?
பின்னும் கழற்றி, ஊதி, மாட்டினேன்.
மூணேகால்.

அது உள்ளதான் இருக்கு, என்றான் பிர்தௌஸ்.
முகவரிதான் பத்தவில்லை.
எண்கள் தீர்ந்துபோன தெரு என்று வைத்துக்கொள்.
கடைசி எண்களைத் திரைக்கும் ஒலிக்கும்
போர்டு முன்னமே எழுதிக் கொடுத்துவிட்டது.
அந்த வீடுகளில் ஆள் உண்டு, விளக்கு எரிகிறது,
தபால்காரன் மட்டும் வரமாட்டான்.

போன வியாழன் ஜவாஜாத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன்
என் தாள்களை நிதானமாகப் புரட்டினான்.
ஓவர்டைம் உண்டு என்றேன்.
சாப்பாட்டுப் படி உண்டு,
வெயில் மாதங்களில் ஷுஐபா கிடங்குக்குத் தனிப்படி,
எல்லாம் மாதாமாதம் கைக்கு வருகிறது,
வங்கிச் சீட்டைப் பாருங்கள்.
அவன் பார்த்தான். மறுக்கவில்லை.
பேனா முனையால் வேலை அனுமதியில் ஒரு கட்டத்தைத் தட்டினான்,
அடிப்படைச் சம்பளம்.
“இங்கே இவ்வளவுதான் தெரிகிறது.”
அடுத்த டோக்கன் எண் ஒளிர்ந்தது.

இந்தக் கதையை இன்னும் நான் ஜெசிந்தாவுக்குச் சொல்லவில்லை.
சொல்லாமலிருக்க இதுவரை மடிக்கணினி உதவியது.
அவள் கேட்கத் தொடங்கும்போதே படம் உறையும்,
வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி.
லைன் சரியில்ல, அப்புறம் பேசுறேன் என்பேன்.
பாதி நாள் அது உண்மையும்கூட.

இன்று ஆறு திருகாணியையும் இறுக்கி, ஏழாவதன்மேல் டேப் ஒட்டி
ராத்திரி பத்தரைக்கு அழைத்தேன்.
அவள் முகம் வழுக்கிக்கொண்டு வந்தது.
குக்கர் வாஷர் போனது, சின்னவனின் பல் ஆடுவது,
மோட்டார் காயிலுக்கு எண்ணூறு கேட்கிறான் என்பது,
ஒரு சொல் உடையவில்லை.
பின்னால் பல்லி ஓடியதுகூடத் தெரிந்தது.

“விசா என்னாச்சு?”

தெளிவாகக் கேட்டது. உதடும் ஒலியும் ஒன்றாக.
விசிறி மட்டும் மணல் இல்லாமல் லேசாகச் சுற்றியது.

“ஹலோ,” என்றாள்,
“ஹலோ, உங்க பக்கம் படம் நின்னுபோச்சு.”

நிற்கவில்லை.
நான்தான் அசையாமல் இருந்தேன்.